பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

ஜனவரி 12, ஞாயிறு

அன்புள்ள கால்புள்ளிக்கு,

உன் புத்தாண்டு வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. ஒன்றரை வருடம் கழித்து ஓர் அட்டை, அதில் நான்கே வரி, நான்கிலும் கால்புள்ளிகள் அதனதன் இடத்தில். சரி, ஆள் நலமாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். உன் பழைய நம்பருக்கு மூன்று நாளாகப் போன் செய்கிறேன். அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. போனை எதற்கம்மா வைத்திருக்கிறாய், அழகு பார்க்கவா? அட்டையில் வேறு ‘எழுதுவதானால் கடிதமாக எழுது’ என்று உத்தரவு. மொழி ஆசிரியை என்றால் ராஜினாமா செய்த பிறகும் திருந்த மாட்டீர்களா?

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் பள்ளியை விட்டுப் போனவள் நீ. அந்த வழக்கை இப்போது எடுக்கவில்லை. உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதனால் நல்ல பிள்ளையாக இருக்கிறேன்.

உன் ஆறாம் அறையில் இப்போது கம்ப்யூட்டர் வாத்தியார். நல்ல மனிதர். ஏழாம் அறையில் நான் தொண்டை கிழியக் கணக்குச் சொன்னாலும் அவருக்கு உறைக்காது. பலகைத் தடுப்பில் ஒற்றைத் தட்டுத் தட்டி ‘குரலைக் குறை’ என்று சொல்ல ஆளில்லை. இரட்டைத் தட்டுத் தட்டி ‘இடைவேளையில் டீக்கு வா’ என்று கூப்பிடவும் ஆளில்லை.

காரியத்துக்கு வருகிறேன். வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்று ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கியிருக்கிறார்கள். சனி, ஞாயிறு வகுப்பு, இரண்டு வருடம். நான்கு சிறப்புப் பிரிவுகள்: பள்ளி நிர்வாகம், கணிதக் கல்வி, வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல், காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்தல். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான். அதில் எதை எழுதுகிறோமோ அதுதான், பிறகு மாற்ற முடியாது. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “நிர்வாகம் எடுங்க. அஞ்சு வருஷத்துல நான் போயிடுவேன். இந்த நாற்காலி உங்களுக்குத்தான்” என்றார். என் அண்ணி இருக்கிறாளே, அவள் கேட்டது: “தலைக்குச் சாயம் பூசுற வயசுல பரீட்சை எழுதப் போறியா?”

விண்ணப்பத்தோடு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். ‘உங்கள் வகுப்பறைப் பணியை நெருக்கமாக அறிந்த சக ஆசிரியர்’ எழுத வேண்டுமாம். பதினோரு வருடம் உனக்கும் எனக்கும் நடுவில் ஓர் அங்குலப் பலகைதான் இருந்தது. உன்னைவிட நெருக்கமாக நான் எங்கே போய்த் தேடுவேன்? கடைசித் தேதி பிப்ரவரி 28. எழுதுவாயா?

இப்படிக்கு,
இன்னும் சத்தம் குறையாத
ரேடியோ

—

ஜனவரி 22

அன்புள்ள ரேடியோவுக்கு,

உறையைப் பிரித்ததும் வீடு முழுக்க நீ. மூச்சு விட்டுவிட்டு எழுதக் கூடாதா? இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை உனக்காக, இரண்டாம் முறை பிழை திருத்த. ஒன்பது பிழை. மன்னித்துவிட்டேன்.

போனைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்தக் கட்டடத்தில் சிக்னல் சரியில்லை. விடு.

நாங்கள் இருப்பது நான்காம் மாடி. அவருக்குக் கட்டுமான வேலை எங்கே நடக்கிறதோ அங்கே ஜாகை. வெள்ளி வருவார், ஞாயிறு போவார். மகள் விடுதியில் இருக்கிறாள். ஆக, வாரத்தில் ஐந்து நாள் நானும் ஒரு ஜன்னலும். ஜன்னலுக்குக் கீழே பேருந்துப் பணிமனை. பேருந்துகள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து வரிசையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் குழாயை மூட மறந்து, கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கிவிட்டது. அந்த அம்மா மாடியேறி வந்து சண்டை. எவ்வளவு நேரம் கதவைத் தட்டினாரோ, நான் தற்செயலாகத் திறந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. எனக்கு வயதாகிறது, வேறென்ன.

உன் படிப்புக்கு வருகிறேன். நிர்வாகம் வேண்டாம். ஒரு நாற்காலியில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாத உனக்கு அந்த நாற்காலி எதற்கு? பரிந்துரை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல். எதற்குப் படிக்கப் போகிறாய், பட்டத்துக்கா, பதவிக்கா, பொழுதுக்கா? என்னிடம் பொய் சொன்னால் பரிந்துரையில் உன் ஒன்பது பிழையையும் சேர்த்து எழுதுவேன்.

அன்புடன்,
கால்புள்ளி

—

பிப்ரவரி 1, சனி

அன்புள்ள கால்புள்ளிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். பொழுதுக்குத்தான்.

அம்மா இருந்தவரை சனி, ஞாயிறு எப்படிப் போகும் என்றே தெரியாது. மருந்து, துணி, தகராறு, சமாதானம். இப்போது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாயை மூடினால் திங்கள் காலை எட்டரைக்குத்தான் திறக்கிறேன். நடுவில் கடைக்காரரிடம் “பை வேண்டாம்” என்று ஒரு வசனம். இரண்டு நாளைக்கு அவ்வளவுதான். நம்புவாயா? ஊருக்கெல்லாம் ரேடியோ, வீட்டில் ஊமை. போன ஞாயிறு, பரணில் இருந்த பெட்டியை இறக்கி, துடைத்து, திரும்பப் பரணிலேயே வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. யாராவது என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, வருகைப் பதிவேட்டில் என் எண்ணைக் கூப்பிட்டால் போதும் என்று தோன்றுகிறது. இதை விண்ணப்பத்தில் எழுத முடியுமா?

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சுக்காரி ஒருத்தி. போன தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று. தலைமை ஆசிரியர் “மந்தம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஒருநாள் அவள் தாளை நானே எடுத்து, கேள்விகளை ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்மூடித் திறப்பதற்குள் விடை சொல்கிறாள்! பன்னிரண்டு கேள்விக்குப் பன்னிரண்டும் சரி. அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கேள்வியை வாசிக்க வரவில்லை. “எழுத்தெல்லாம் இடம் மாறி மாறி உக்காருது டீச்சர், நான் புடிக்கிறதுக்குள்ள ஓடிடுது” என்கிறாள். இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை பேரை நான் கணக்கு வராதவர்கள் என்று முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்?

அதனால் வாசிப்புப் பிரிவு என்று மனம் சொல்கிறது. அதைப் படித்தால் பதவி உயர்வு கிடையாது, தலைமை ஆசிரியர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். இருக்கட்டும். நீ பரிந்துரையை அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுக் கட்டத்தை நிரப்புகிறேன்.

உண்மையைச் சொல்லிவிட்ட
ரேடியோ

—

பிப்ரவரி 9

அன்புள்ள ரேடியோவுக்கு,

வாசிப்புப் பிரிவையே எழுது. பொழுதுக்குப் படிப்பது ஒன்றும் குற்றமில்லை. எத்தனையோ பேர் பொழுது போகாமல் பிறரைப் பற்றிப் பேசுகிறார்கள், நீ படிக்கப் போகிறாய். அந்த மூன்றாம் பெஞ்சுக்காரியை நான் விசாரித்ததாகச் சொல்.

வெள்ளியிலிருந்து திங்கள் வரை வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த வீடு மாதிரி இருந்தது.

பரிந்துரை இதோ. நான்கு நாள் எழுதினேன். மனதில் பட்டதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

“இவரும் நானும் பதினோரு ஆண்டுகள் அடுத்தடுத்த அறைகளில் பாடம் நடத்தினோம். இவர் வகுப்பை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறேன். எங்கள் அறைகளுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தது.

“முதல் ஒன்பது ஆண்டுகள் இவர் குரல் ஓய்ந்ததில்லை. என் மாணவர்களுக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டே, தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் கணக்குக்கு மனதுக்குள் விடை கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு குழந்தை ஏழு முறை தவறாகச் சொன்னால் எட்டாம் முறையும் அதே குரலில், எரிச்சலின் சாயல் இல்லாமல் விளக்குவார்.

“கடைசி இரண்டு ஆண்டுகளில் இவர் வேறொன்றையும் கற்றுக்கொண்டார்: பேசாமல் இருக்க. தாயாரை இழந்த காலம் அது. கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சில நாட்கள் முழுப் பாடவேளையும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. குழந்தை தானாக யோசிக்க இடம்விட்டு ஒதுங்கி நிற்பது பேச்சைவிடக் கடினம். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் அதைப் பழகிக்கொண்டதை நான் பெரிய தேர்ச்சியாகக் கருதுகிறேன். வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கு முதலில் வேண்டியது, அவசரப்படுத்தாத ஓர் ஆசிரியர். இவர் அப்படிப்பட்டவர்.”

போதுமா? போதாவிட்டால் சொல், இன்னும் கொஞ்சம் புகழ்கிறேன்.

அன்புடன்,
கால்புள்ளி

—

பிப்ரவரி 13

அன்புள்ள கால்புள்ளிக்கு,

உன் பரிந்துரையை வாசித்துவிட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். நம் அலுவலக எழுத்தரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “முழு பீரியடும் பேசாம இருந்தீங்களா? நீங்களா? வேற யாருக்கோ எழுதினத மாத்தி அனுப்பிட்டாங்க போல” என்றார். அறையே சிரித்தது.

பிறகு மூன்றாம் பாடவேளை. வகுத்தல் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றுவிட்டேன். சாக்பீஸ் கையில் இருக்கிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள், எனக்கு அடுத்த எண் வரவில்லை.

நான் ஒருநாளும் பேசாமல் இருந்ததில்லை. அம்மா போன வாரத்தில்கூட, வகுப்பில் வாயை மூடினால் அழுதுவிடுவேன் என்று பயந்து, வழக்கத்தைவிட அதிகமாகத்தான் கத்தினேன். அந்த இரண்டு வருடத்தில் ஏழாம் அறையில் சத்தம் இல்லாத நாளே இல்லை. அப்படியானால் உனக்கு எப்படி ஒன்றும் கேட்காமல் போனது?

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. ஆசிரியர் அறையில் பிடிவாதமாக என் எதிர் நாற்காலியிலேயே உட்காருவாய். “வாயைப் பொத்திக்கிட்டுப் பேசாதடி” என்று என் கையைத் தட்டிவிடுவாய், ஏதோ நாகரிகம் சொல்லிக்கொடுக்கிறாய் என்று நினைத்தேன். போனை எடுக்க மாட்டாய். கீழ் வீட்டு அம்மா, குழாய், சத்தமில்லாத பேருந்துகள். கடிதம், கடிதம், கடிதம். நான் எவ்வளவு பெரிய மண்டு!

அதோடு அந்தத் தட்டு. அம்மா போன புதிதில் உன்மேல் எரிந்து விழுந்தேனே, “என்னை ஆறுதல் சொல்லிக் கொல்லாதே” என்று. அதற்குப் பிறகுதான் நீ தட்டுவதை நிறுத்தினாய். நான் இரட்டைத் தட்டுத் தட்டினால் பதில் வராது. கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன். எனக்கும் ரோஷம். நானும் நிறுத்திவிட்டேன். நீ போகிற அன்று எல்லாரும் கீழே மாலையும் கையுமாக நின்றார்கள். நான் வரவில்லை. ஏழாம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். நீ அலமாரியைக் காலி செய்கிற சத்தம் தடுப்பு வழியாகக் கேட்டது. எழுந்து வந்து இரண்டு முறை தட்டினேன். நீ நிறுத்தாமல் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தாய். திரும்பவும் தட்டினேன். சரி, இவளுக்கு நான் வேண்டாம் போல என்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருடம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேனடி. ஓர் ஆறு அடி நடந்து கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். அதைச் செய்யவில்லை.

எப்போதிலிருந்து? எவ்வளவு கேட்கிறது? ஏதாவது கேட்கிறதா? யாருக்கெல்லாம் தெரியும்?

இன்று மாலை விண்ணப்பத்தை எடுத்தேன். கட்டத்தில் நான்காவது பிரிவை எழுதிவிட்டேன். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்தல். மையில் எழுதியாயிற்று. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இனி எனக்கு வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

உன்
ரேடியோ

—

பிப்ரவரி 15

ரேடியோ,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். அந்த விண்ணப்பத்தைக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் போய்த் திரும்ப வாங்கு.

எனக்குக் கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். யாரைக் கேட்டு எழுதினாய்? நான் என்ன உன் பாடத்திட்டமா? எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்தப் படிப்பு சின்னக் குழந்தைகளுக்கு. அவர்களுக்காகப் படிக்க வருகிறவர்கள் அவர்களை நினைத்து வர வேண்டும், என்னை நினைத்து இல்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கட்டணம் கட்டப் போகிறாயா? டாக்டர் பரிதாபப்பட்டாகிவிட்டது. வீட்டுக்காரர் பரிதாபப்பட்டு, தானாகக் கேட்டு இந்த ஊருக்கு மாற்றல் வாங்கினார். மகள் விடுதியிலிருந்து வந்தால் வாயை அகல அகலத் திறந்து பேசுகிறாள், எனக்குப் புத்தி மட்டு என்பது போல. என்னைத் திட்டுவதற்கு உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். நீயும் போய்விடாதே.

நீ கேட்டதற்குப் பதில். நான் பள்ளியை விடுவதற்கு இரண்டு வருடம் முன்னாலிருந்து. கொஞ்சம் கொஞ்சமாக. நீ பேச்சைக் குறைத்துவிட்டாய் என்றுதான் நான் நம்பினேன். அம்மா போன துக்கத்தில் அடங்கிவிட்டாள், பாவம், இவளைத் தட்டித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானும் தட்டுவதை விட்டேன். பிறகு காதுதான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் உன்னுடைய அந்த அமைதியை மட்டும் நான் திருத்தவே இல்லை. ஊரெல்லாம் பிழை திருத்தினவள் இதில் கோட்டை விட்டுவிட்டேன். நான்கு நாள் உட்கார்ந்து, உன்னைப் பற்றி எழுதுவதாக நினைத்து, என் காதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

வேலையை ஏன் விட்டேன் தெரியுமா? கடைசி வருடம், ஐந்தாம் வகுப்பில், ஒரு சின்னப் பெண் என் மேஜைக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு என்னவோ சொன்னாள். உதடு தெரியவில்லை. பாட்டு ஒப்பிக்கப் பேர் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, “சபாஷ்! எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லு பாப்போம்” என்றேன். கைகூடத் தட்டினேன். அவள் நிமிர்ந்து திரும்பச் சொன்னபோதுதான் உதடு தெரிந்தது: அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று. அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் ராஜினாமா எழுதினேன்.

கருவி வாங்கினோம். போட்டால் சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை. டப்பாவில் வைத்துவிட்டேன்.

நீ தடுப்பில் தட்டினாய் என்று எழுதியிருக்கிறாய். நான் அன்று படிக்கட்டில் உனக்காக அரைமணி நேரம் நின்றேன். அவ்வளவுதான் சொல்வேன்.

மூன்றாம் பெஞ்சுக்காரிக்காகப் படி. அந்தப் பரிந்துரையைக் கிழித்துப் போடு. அது பொய்.

கால்புள்ளி

—

ஏப்ரல் 2

அன்புள்ள கால்புள்ளிக்கு,

ஆறு வாரம் எழுதவில்லை. எழுத உட்காருவேன், நீ படிக்கட்டில் நிற்கிறது கண்ணில் வரும், எழுந்துவிடுவேன்.

உன் தபால் திங்கள் காலை, நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. மையில் எழுதிய விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டுப் புதுசு வாங்கினேன். கட்டத்தில் வாசிப்புப் பிரிவு. தலைமை ஆசிரியர் இரண்டு நாள் எனக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. உன் பரிந்துரையைக் கிழிக்கவில்லை. அதையே வைத்தேன். இன்னும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முழுக்கக் கேள்.

மார்ச் நடுவில் நேர்முகம். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். “இவ்வளவு நாள்ல இப்படி ஒரு பரிந்துரை நான் படிச்சதில்ல. கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?” என்றார். உண்மையைச் சொன்னால் உன் காது அந்த மேஜைக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். ரொம்ப நேரம். அந்த அம்மா சிரித்துவிட்டு, “புரியுது” என்று எழுதிக்கொண்டார். இடம் கிடைத்துவிட்டது. ஜூனில் வகுப்பு.

வெளியே வந்தும் சந்தோஷமே இல்லை. உன் கையெழுத்தில் இருக்கிற அந்த நல்ல ஆசிரியை நான் இல்லை. அவள் இருந்த இடத்தில் உன் காதுதான் இருந்தது. இடத்தைத் திருடின மாதிரி இருந்தது.

மறுநாள் மூன்றாம் பெஞ்சுக்காரியைப் பள்ளி விட்டதும் இருக்கச் சொன்னேன். கேள்வித்தாளை அவள் முன்னால் வைத்தேன். எப்போதும் நான்தான் வாசித்துக் காட்டுவேன். அன்று வாயைத் திறக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும். மூன்று முறை வாய் தானாகத் திறந்தது, மூன்று முறையும் மூடினேன். அவள் விரலை வைத்தாள், எடுத்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். பள்ளி காலியாகிவிட்டது. ஆறாம் அறையிலும் ஆள் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. இப்படித்தான் உனக்கு இருக்குமா, நாள் முழுக்க, என்று நினைத்தேன். பயமாக இருந்தது. அப்போது அவள் வாசித்தாள். ‘ஒரு தொட்டியில்’ என்று இரண்டே வார்த்தை. பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. மூன்றாவது வார்த்தையில் தடுமாறினாள். நான் அதற்கும் காத்திருந்தேன்.

நீ எழுதியது பொய் என்றாய். கொஞ்சம் முன்கூட்டி எழுதிவிட்டாய் என்று வைத்துக்கொள்.

மே மாதம் விடுமுறை. நான் அங்கே வருகிறேன். எத்தனை மணிக்குக் கதவைத் திறந்து வைப்பாய் என்று மட்டும் எழுது, மணியடித்துத் தொல்லை செய்ய மாட்டேன். ஒரு வாரம் உன் எதிர் நாற்காலியில் உட்காருகிறேன். வாயைப் பொத்தாமல் பேசுகிறேன். அன்றைக்கு நடக்காத அந்த ஆறு அடியை இப்போதாவது நடக்கிறேன்.

உன்
ரேடியோ

—

ஏப்ரல் 14

அன்புள்ள ரேடியோவுக்கு,

‘ஒரு தொட்டியில்.’ இரண்டு நாளாக இந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினோரு நிமிடம் நீ பேசாமல் இருந்தாயா! பள்ளிக் கூரை இடிந்து விழவில்லையே? அவளுக்கு என் முத்தம். திருட்டு கிருட்டு என்று உளறாதே, இடம் உன்னுடையதுதான். இனி அதை நீ காப்பாற்றிக்கொள்.

விடுமுறைக்கு வராதே.

கோபம் இல்லை. அது எப்போதோ ஆறிவிட்டது. சொல்கிறேன், கேள். நீ வந்து எதிரில் உட்கார்ந்து பேசினால், நான் உன் உதட்டைப் பார்த்துப் பாதியை ஊகிப்பேன், மீதிக்குத் தலையாட்டுவேன். நீ வேகமாகப் பேசுகிறவள். எனக்காக மெதுவாகப் பேசுவாய், அகல அகல வாயைத் திறப்பாய், ஒரு வார்த்தையை மூன்று முறை சொல்வாய். நான் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பேன், நீ அதைக் கவனிக்காத மாதிரி இருப்பாய். ஒரு வாரம். அதற்குப் பிறகு உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கே மறந்துவிடும்.

கடிதத்தில் அப்படி இல்லை. உறையைப் பிரித்ததும் அதே குரல், அதே வேகம், மூச்சு விடாமல். எழுத்தர் சொன்னது, அண்ணி சொன்னது, எல்லாம் உன் குரலிலேயே கேட்கிறது. ஒரு வார்த்தை தப்புவதில்லை. ஆறாம் அறையில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்க, தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ பின்னங்கள் சொல்லிக்கொடுப்பாயே, அப்படியே. எனக்கு முழுசாகக் கேட்கிற குரல் இப்போது இது ஒன்றுதான். நீ நேரில் வந்தால் அதுவும் போய்விடும். அதைக் கொடுத்துவிட்டு உன் முகத்தை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

என்றைக்காவது வரச் சொல்வேன். அது எப்போது என்று எனக்கே தெரியாது. சொல்லாமலும் போகலாம். அந்த ஆறு அடியை மனதில் வைத்து நோகாதே. நானும் படிக்கட்டிலிருந்து ஏறி வந்திருக்கலாம்.

ஜூனிலிருந்து சனி, ஞாயிறு உனக்கு வகுப்பு இருக்கும், எழுத நேரம் இருக்காது என்று சொல்லாதே. என்ன பாடம் நடத்தினார்கள், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், உன் எண்ணைக் கூப்பிட்டார்களா, எல்லாம் வேண்டும். இரண்டு பக்கம் எனக்குப் போதாது. பிழைகளைப் பற்றிக் கவலைப்படாதே, இனி எண்ண மாட்டேன்.

குரலை மட்டும் குறைக்காதே.

அன்புடன்,
கால்புள்ளி
(ஆறாம் அறை)